வெறும் மூலைக்கு எறிந்த வைக்கோல்

நேரலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டபோது, எந்தக் காட்சியிலிருந்து எந்தக் காட்சிக்கு எப்போது மாறுவது என்று சொல்லித்தரக் கேட்டிருந்தீர்கள். அது என்னைவிட உங்கள் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு வண்டி நிறையச் சாமான்களை வைத்துக்கொண்டு செய்த வேலையை நீங்கள் கைபேசியில் செய்துவிடுகிறீர்கள். பொத்தானை எப்போது அமுக்குவது என்பது சீக்கிரம் பழகிவிடும். எப்போது அமுக்காமல் இருப்பது என்பதுதான் பழகாது. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வாயையும் கையையும் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றுதான் சொல்வார்கள். ஹெட்செட்டில் நான் திட்டிய திட்டு தாங்காமல் வேறு தொழிலுக்கே போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த உள்ளூர் கேபிள் சேனலில் ஞாயிறுதோறும் குஸ்தி காட்டுவோம். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஆற்றில் மறுபடி தண்ணீர் வரும்வரைதான் அந்த நிகழ்ச்சி. வாரம் ஓர் ஊர். காய்ந்த வயலில் வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி, நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கயிறு சுற்றினால் கோதா தயார். போட்டிக் குஸ்தி இல்லை, ஆட்டக் குஸ்தி. யார் யாரைத் தூக்கிப் போடுவது, கடைசியில் யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டு ஆடுவது. ஆனால் விழுகிற விழுகை பொய்யில்லை. முதுகுவலியும் பொய்யில்லை.

எங்கள் ஆட்டத்தின் நல்லவன் 'புயல்' பஷீர். கூத்தாநல்லூர்க்காரர், சிவந்த முகம், பெண்கள் பக்கம் அவருக்குத் தனி விசில். கெட்டவன் பெயர் எமகண்டன். சொந்தப் பெயர் தங்கராசு. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி வருவார். பஷீரைப் பின்னாலிருந்து அடிப்பார், கண்ணில் மண்ணைத் தூவுவார், நடுவரைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டுவார். அத்தனை அழும்பும் செய்துவிட்டு முடிவில் தோற்பார். எப்போதும் தோற்பார். சோறு உண்ணாத பிள்ளைக்கு "எமகண்டன் வர்றான்" என்று சொன்னால் போதும், தட்டு காலியாகும்.

ஆரம்பத்தில் ஜனங்கள் அவர்மேல் கல்லையும் செருப்பையும் விட்டெறிந்தார்கள். அதற்குத் தங்கராசுவே ஒரு வழி செய்தார். தான் நடந்துவரும் பாதையின் இரண்டு பக்கமும் வைக்கோலைக் குவித்துவைக்கச் சொன்னார். கை சும்மா இருக்காத கூட்டம் அதை உருட்டி எறிய ஆரம்பித்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எமகண்டன் வந்தால் வைக்கோல் பறக்க வேண்டும், தொண்டை கிழியத் திட்ட வேண்டும். கோதாவில் ஏறும்போது அவர் தலையெல்லாம் வைக்கோலாக இருக்கும்.

இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோதாவுக்கு வெளியிலும் ஆட்டத்தைக் கலைக்கக் கூடாது. கெட்டவன் கடைத்தெருவிலும் கெட்டவன்தான். தங்கராசு அதை விரதம் மாதிரிக் காத்தார். ஒருமுறை பஸ்ஸில் ஓர் அம்மாள், "எம்புள்ள பஷீர ஏண்டா அடிச்ச?" என்று குடைக்காம்பால் விலாவில் குத்திவிட்டாள். இவர் ஓர் உறுமல் உறுமிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போனார். கல்யாண வீட்டில் அவர் பந்திக்கு வந்தால் பிள்ளைகள் இலையை விட்டு எழுந்து ஓடும் என்பதால், கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். உண்மையில் பஷீருக்கும் அவருக்கும் உடன்பிறப்புகளிடம்கூடக் காணமுடியாத ஒட்டுதல். ஊர் தூங்கும் மத்தியான வெயிலில் வாய்க்கால் கரையோடு போய் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவார்கள். ஒரு பெருநாளன்று பஷீர் வீட்டுக் கொல்லையில் இருவரும் ஒரே சஹன் தட்டில் கைவைத்துப் பிரியாணி சாப்பிடுவதை எங்கள் கேமராக்காரர் ஒருவர் விளையாட்டாக வீடியோ எடுத்திருந்தார். இதெல்லாம் எங்கள் குழுவுக்கும் இரண்டு குடும்பத்துக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

ஒரு பங்குனியில் தங்கராசு இறந்துபோனார். கோதாவில் இல்லை. உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்த வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்கு நான் போனபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நிற்கிற நிலையை வைத்தே பஷீர் என்று தெரிந்துகொண்டு கிட்டே போனேன்.

"என்ன பஷீர் இங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"எப்படி மேடம் வர்றது? நான் வந்து மாலை போட்டா ஆட்டம் கலைஞ்சிடும். அவரு ஒத்துக்க மாட்டாரு."

"மனுசன் போயிட்டாருய்யா. இன்னும் என்ன ஆட்டம்?"

"நீங்க போயிப் பாத்துட்டு வாங்க. கால் பக்கம் எனக்காவயும் கொஞ்சம் தொட்டுட்டு வாங்க" என்றார். குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே உடைந்தது. அவர் சொன்னபடி செய்தேன். எனக்கும் அன்று அழுகை அடங்கவில்லை.

சேனல் முதலாளி அந்த வாரமே அஞ்சலி நிகழ்ச்சி நடத்த முடிவெடுத்தார். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலேயே வயல் பார்த்தாயிற்று. நடுவில் ஒரு குறும்படம் போட வேண்டும், தங்கராசு எவ்வளவு தங்கமான மனிதர் என்று காட்டி, அந்தப் பிரியாணிக் காட்சியில் முடிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "பாவம், திட்டு வாங்கியே போயிட்டாம்மா. இப்பவாச்சும் ஊரு உண்மையத் தெரிஞ்சுக்கட்டும்" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. சாவு வீட்டில் ஆட்டத்தைக் கலைக்க மறுத்த பஷீருக்கும் இப்போது சம்மதம்தான். மனதில் இருப்பதை ஒருதரம் உரக்கச் சொன்னால்தான் அவரால் தூங்க முடியும்போல் இருந்தது. படத்தை நானே தொகுத்தேன். அழ வைப்பதில் எனக்கு நல்ல கை உண்டு, அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

சில பழைய புகைப்படங்கள் கேட்டு வாங்கத் தங்கராசுவின் மனைவி செல்வராணியைப் பார்க்கப் போனேன். முற்றத்தில் பிடுங்கிப் போட்ட உளுந்துச் செடி அடிக்க ஆளில்லாமல் கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"வேணாங்க மேடம்."

"ஏம்மா? அவரு எவ்வளவு நல்லவருன்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

"எனக்குத் தெரியும். பஷீரண்ணனுக்குத் தெரியும். போதாதா? ஊரு அவர நம்புச்சுங்க. அந்தக் கோவத்துக்காவத்தான் இடுப்பொடிய விழுந்து விழுந்து எந்திரிச்சாரு. வீட்டுக்கு வந்ததும் தலையில இருக்குற வைக்கலத் தட்டிக்கிட்டே, இன்னைக்கு என்ன திட்டு திட்டுனாங்க தெரியுமான்னு சிரிப்பாரு பாருங்க… இப்பப் போயி, அதெல்லாம் சும்மா, உங்கள ஏமாத்துனோம்னு சொன்னீங்கன்னா, செத்த மனுசனத் திரும்பச் சாவடிச்ச மாதிரிங்க."

அவரே தொடர்ந்தார்.

"துக்கத்துக்கு வந்த சனமெல்லாம் அடக்கமா வந்துட்டு அடக்கமாப் போவுது. செத்தா யாரையும் திட்டக் கூடாதுல்ல? எனக்கு அத பாத்தா வேற யாரோ செத்த மாதிரி இருக்குங்க. எமகண்டன இப்படியா அனுப்புறது? நல்லாத் திட்டி அனுப்பணும்."

"செத்தவர எப்படிம்மா திட்டுவாங்க? முதலாளி வேற படத்தப் போட்டே ஆவணும்னு சொல்லிட்டாரு. நான் சம்பளக்காரி."

"படத்தப் போடுற பொத்தான் யாரு கையில இருக்கு?"

"என் கையிலதான்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். புகைப்படம் தரவில்லை. அதுவரை ஒருநாளும் ஆட்டம் பார்க்க வராதவர், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

அப்படியொரு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்துகூட வேன் வைத்து வந்திருந்தார்கள். குளித்து, வெளுத்த துணி உடுத்தி, பலர் மாலையோடு வந்திருந்தார்கள். பாதையோரத்தில் வழக்கம்போல் வைக்கோல் குவிந்திருந்தது. ஒருவரும் தொடவில்லை. 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் தங்கராசு பல்லைக் காட்டி உறுமிக்கொண்டிருந்தார். சிரித்த புகைப்படம் ஒன்றுகூடச் சேனலில் இல்லை.

எங்கள் கட்டுப்பாட்டு அறை என்பது குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்பக்கம். நாலு திரை, ஒரு மின்விசிறி, நான், ஒலிக்காரர், எனக்குப் பின்னால் ஸ்டூலில் முதலாளி. வழக்கப்படி எமகண்டன் வருகைக்கு உறுமி மேளம் அடித்தார்கள். பாதையில் யாரும் வரவில்லை.

"மேடம், ஆளே இல்லையே, எதக் காட்டுறது?" என்றார் பாதையில் நின்ற கேமராக்காரர்.

"ஆள் இல்லாததையே காட்டு. அவரு நடக்குற வேகத்துல போ."

கேமரா மெல்ல அந்த வெறும் பாதையில் நடந்து, கயிற்றைத் தாண்டி, எமகண்டன் வழக்கமாக நிற்கும் மூலையில் போய் நின்றது. உறுமி ஓய்ந்தது. அதன்பின் வந்த அமைதி இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை ஜனம் ஓர் இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் மாலையைக் கையில் பிடித்தபடி விழித்தார்கள். கோதாவின் நடுவில் பஷீர் மைக்கோடு நின்றார். எதிரே வெறும் மூலை.

"படத்தப் போடும்மா" என்றார் முதலாளி.

நேரலையில் அமைதி வந்துவிட்டால் அதை எதையாவது போட்டு மூடச்சொல்லி நம் கை துடிக்கும். உங்களுக்கும் துடிக்கும். எனக்கு முன்பு அந்த இயக்குநர் நாற்காலியில் இருந்தவர் பெரிய முன்கோபி. "திரையையே முறைக்காத, கூட்டம் எங்க பாக்குதுன்னு பாரு" என்று மண்டையில் தட்டுவார். விரல் பொத்தான்மேல் இருக்க, வண்டிக்கு வெளியே தெரிந்த கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவர்கூட ஃபிளெக்ஸைப் பார்க்கவில்லை, பஷீரையும் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அந்த மூலையில் இருந்தன. முன்வரிசையில் செல்வராணி நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"என்னம்மா பாத்துக்கிட்டு இருக்க? போடு!"

"கொஞ்சம் இருங்க சார்."

பஷீர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "எமகண்டன் எனக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. நடவுக்குப் போகிற நடுவயது அம்மாள். வாரம் தவறாமல் வந்து முதல் திட்டைத் தொடங்கிவைப்பவர்.

"டேய் எமகண்டா! எங்கடா போயி ஒளிஞ்சிக்கிட்ட? ஆம்பளன்னா வெளிய வாடா!"

கடைசி வார்த்தையில் குரல் கிழிந்துபோனது. அவர் குனிந்து ஒரு பிடி வைக்கோலை அள்ளி உருட்டி அந்த மூலையைப் பார்த்து எறிந்தார். அது கயிற்றில் பட்டு உள்ளே விழுந்தது. பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்தது. மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வைக்கோலை வாரினார்கள். "வாடா பொறுக்கி!" "பயந்தாங்கொள்ளி!" "எங்க பஷீருக்குக் கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?" வானம் தெரியாத அளவுக்கு வைக்கோல். திட்டுகிற அத்தனை முகமும் அழுதுகொண்டிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் அப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை, கற்பனை செய்ததும் இல்லை.

"அய்யய்யோ, செத்தவனத் திட்றானுங்களே! ஊரு காறித் துப்பும்! சத்தத்த அடைங்க, படத்தப் போடுங்க!" என்று அலறி, முதலாளி என் தோளுக்கு மேலாகப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார். தட்டிவிட்டேன். அவர் கையைத்தான். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

ஒலிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "கூட்டத்து மைக் அத்தனையிலயும் சத்தத்தத் தூக்கு" என்றேன். அவர் தூக்கினார்.

கோதாவில் பஷீர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மூலையைப் பார்த்துக் குனிந்து, தார்ப்பாயைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு நின்றார்.

அடுத்து நடந்ததை நான் சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. பஷீர் பாய்ந்தார், வெறும் காற்றில் மோதிப் பின்னால் தெறித்தார். கழுத்தைப் பிடிபட்டவராகக் கயிறுவரை தள்ளப்பட்டார். கண்ணில் மண் விழுந்து தடுமாறினார். ஒரு துளி ஏமாற்று அதில் இல்லை. தங்கராசு எத்தனை அடி எடுத்துவைப்பார், எந்தத் தோளில் தூக்குவார் என்பது அந்த உடம்புக்கு மனப்பாடம். தானே எம்பி, அவர் தூக்குகிற உயரத்துக்கு எழும்பி, முதுகு அதிர விழுந்தார். கூட்டம் "பஷீரு, பின்னாடி! பின்னாடி பாரு!" என்று கத்தியது. பின்னாலிருந்து அடிக்க எமகண்டன் வரும் நேரம் அதுதான். எனக்கும் தெரிந்தது. கோதாவுக்குக் கீழே நின்ற கேமராக்காரர் வழக்கமாகவே அவசரக்காரர், எப்போதும் ஒருவர் தலையை ஃபிரேமுக்கு வெளியே வெட்டிவிடுவார். அன்று ஹெட்செட்டில் நிதானமாகச் சொன்னார்:

"மேடம், ரெண்டு பேரும் ஃபிரேம்ல இருக்காங்க."

திரையில் பஷீருக்குப் பக்கத்தில் சரியாக ஓர் ஆள் இடம் விட்டிருந்தார். "அப்படியே வச்சுக்க" என்றேன். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

முடிவில் பஷீர் எழுந்து எமகண்டனை வீழ்த்துவதுதான் முறை. அவர் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்து, மார்பின்மேல் யாரோ அழுத்துவதுபோல் இரண்டு தோளையும் தரையில் ஒட்டவைத்துக்கொண்டார். நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். பஷீர் கண்ணாலேயே கெஞ்சினார். நடுவர் மண்டியிட்டுத் தார்ப்பாயைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

எமகண்டன் ஜெயித்துவிட்டார். கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு ஓர் ஆத்திரம் வெடித்தது பாருங்கள், முன்னால் திட்டியதெல்லாம் ஒன்றுமே இல்லை. "அநியாயம்!" "மோசக்காரப் பாவி!" "நீ நல்லா இருப்பியாடா?" அந்த நேரத்தில்தான் செல்வராணி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகி, வைக்கோலை அள்ளி அந்த மூலையில் வீசினார். வீசிவிட்டு இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"அடப் பாவி! இப்படி என்னய விட்டுட்டுப் போயிட்டியேடா, பாவி!"

அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கானோர் அதே 'பாவி'யைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் தயங்கவில்லை. தொண்டையில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

"மேடம், அந்தம்மாதான் அவரு வீட்டம்மா. கிட்டப் போயிடவா?" என்றார் ஒரு கேமராக்காரர். நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய காட்சி எந்தச் சேனலுக்கும் கிடைக்காது. ஆனால் கிட்டப் போனால் அது ஒரு விதவையின் அழுகையாகிவிடும். ஊர் வாயடைத்துப்போய் அனுதாபப்படும். "போகாத. கூட்டத்தை முழுசா காட்டு" என்றேன். வீட்டில் பார்த்தவர்களுக்கு ஒரு பெருங்கூட்டத்தின் கூச்சல்தான் கேட்டது. நிகழ்ச்சி முடியும்வரை நான் வேறு காட்சிக்கு மாறவே இல்லை. நான் தொகுத்த படம் பெட்டியிலேயே இருந்துவிட்டது. முதலாளியும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டதில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். காதருகில் ஒருவர் கத்துவார், கையில் அருமையான படம் ஒன்று தயாராக இருக்கும். எதிரே ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். அது புரியாவிட்டாலும் பரவாயில்லை, குறுக்கே போகாதீர்கள். அன்று எனக்கே பாதிதான் புரிந்தது.

கூட்டம் கலைந்தபின் செல்வராணி எங்கள் வண்டியைத் தேடி வந்தார். தலையிலும் புடவையிலும் வைக்கோல். குரல் கட்டிப்போயிருந்தது. நான் இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாத் திட்டுனாங்கல்ல மேடம்?" என்று கேட்டார்.

"நல்லாத் திட்டுனாங்கம்மா."

"ஜெயிச்சதுக்குத்தான் ரொம்பத் திட்டுனாங்க" என்றார் செல்வராணி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமை.